உப்புக் குப்பியும் மூன்று விளக்குகளும்

அந்தச் சனிக்கிழமை மதியம் ஹாலோஃபீல்டு விமான மன்றத்தின் சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்:

மேஜர் ராட்ரிக் ஸ்டானிஜ். போர் வீரர். நினைவுக்கல் குழுவின் தலைவர். இரண்டையும் அவரே சொல்லிவிடுவார், நாம் கேட்க வேண்டியதில்லை.

ஐவர் மேடக். போரின்போது இந்தத் திடலிலிருந்து பிரான்சுக்குப் பறந்த விமானிகளுக்குத் தலைவர். இப்போது மன்றத்தின் செயலாளர். கல்லில் எந்தப் பெயர் இருக்கலாம் என்பது இவர் கையில்.

ஒடில் காரெல். பிரெஞ்சுக்காரி. லுவார் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சைக்கிள் கடை வைத்திருக்கிறாள். கல்லில் இல்லாத ஒரு பெயருக்கு அக்கா.

டோரா விக்கம். துப்பறிவாளர். போர்க்காலத்தில் மற்றவர்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்க அரசாங்கச் சம்பளம் வாங்கியவர். கெட்ட பழக்கத்தைத் தொழிலாக்கிக்கொண்ட கெட்டிக்காரி.

ஆல்ஃப் பெக். அதாவது நான். டோராவின் உதவியாளன். அதற்கு முன் பிஸ்கட் தொழிற்சாலையில் இரவுக் காவல். தூங்கிவிட்டேன் என்று அனுப்பிவிட்டார்கள். நான் தூங்கும்போதும் பிஸ்கட் எதுவும் ஓடிப்போகவில்லை என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

வேகவைத்த மாட்டிறைச்சியும் வந்திருந்தது என்று சொன்னார்கள். 1951-லும் இறைச்சி பங்கீட்டில்தான். முட்டைக்கோஸுக்கு அடியில் தேடினேன், கிடைக்கவில்லை.

விவகாரம் சிறியது. எட்டு வருஷத்துக்கு முன், ஒரு நிலா வெளிச்ச இரவில், இங்கிருந்து ஒரு லைசாண்டர் விமானம் ஒடிலின் ஊர் வயலில் இறங்கப் போனது. இறங்கியது, ஓடியது, வாய்க்காலுக்குள் மூக்கைக் குத்தியது. கோலின் டுவெடில் என்ற இளம் விமானி இருக்கையிலேயே செத்தான். ஜெர்மானியர்கள் காத்திருந்தார்கள். தரையில் விளக்கு வைத்து வரவேற்கும் பொறுப்பு ஒடிலின் தம்பி லூசியனுடையது. அவனையும் அவனோடு இருந்த இரண்டு பேரையும் மறுநாள் சுட்டார்கள். தப்பித்தவர் ஒரே ஒருவர். பின்னிருக்கையில் இருந்த பயணி, நம் மேஜர்.

மேஜர் வீடு திரும்பிச் சாட்சி சொன்னார்: லூசியன் விலைபோய்விட்டான், விளக்குகளை வேண்டுமென்றே தப்பாக வைத்தான். முடிந்தது. நாளைக் காலை தேவாலய முற்றத்தில் திறக்கப்போகும் கல்லில் செத்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், லூசியன் இல்லை. அவன் சொந்த ஊர்க் கல்லிலும் இல்லை. ஒடிலின் கடைக் கதவில் இன்றைக்கும் யாராவது தார் பூசிவிட்டுப் போகிறார்கள். அவள் துடைத்துவிட்டுக் கடையைத் திறக்கிறாள்.

மேடக் ஒடிலுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தார், அதற்காகத்தான் அவள் டோராவை அமர்த்தினாள். கல் திறப்பதற்குள் ஒரே ஒரு நல்ல காரணம் சொல்லுங்கள், கல்தச்சரைக் கூப்பிடுகிறேன் என்று. மேஜரும் பெருந்தன்மையாகச் சம்மதித்திருந்தார். நடந்ததை அந்த அம்மாள் முகத்துக்கு நேராகவே மறுபடி சொல்கிறேன் என்று. அந்த அளவுக்குப் பெருந்தன்மை.

சாப்பாட்டுக்கு முன் டோரா சுவரில் மாட்டியிருந்த புகைப்படங்களின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு படத்தில் லைசாண்டர் புறப்படத் தயாராக நின்றது. முன்னால் விமானி, பின்னால் ஒரு பயணி.

"என்ன தெரியுது, பெக்?"

"சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ரெண்டு பேரும் முதுகு காட்டி உக்காந்திருக்காங்க, மேடம்."

"காலைல ரயில்ல நான் எப்படி உக்காந்திருந்தேன்?"

"இஞ்சினுக்கு முதுகு காட்டி. ஜன்னலோரத்துல நல்ல சீட்டை நான் பிடிச்சிட்டேன். அதுக்கு இப்ப சம்பளத்துல பிடிக்கப் போறீங்களா?"

"அதுல சம்பளம்னு ஒண்ணு இருந்தாத்தானே பிடிக்கறதுக்கு," என்று சொல்லிவிட்டு மேசைக்குப் போனார்.

மேஜர் கதை சொல்ல ஆரம்பித்தபோது எல்லோருடைய தட்டும் காலியாகிவிட்டது. அவருடையது மட்டும் நிறைந்திருந்தது. தலைவர்களுக்கு இறைச்சி கிடைக்கிறது.

"முதல் விளக்கு," என்று உப்புக் குப்பியை நடுவில் வைத்தார். "பொறுப்பாளர் இதுகிட்டதான் நிக்கணும், அது விதி. இரண்டாவது விளக்கு இது." மிளகுக் குப்பியைத் தள்ளி வைத்தார். "காத்து வர்ற பக்கமா, நேர்கோட்டுல. மூணாவது, அதுக்கு வலப்பக்கம்." கடுகு ஜாடி. "உப்புகிட்ட சக்கரம் தரையத் தொடணும். மிளகுக்குள்ள நின்னுடணும். கடுகுக்கு உள்பக்கமாத் திரும்பி, உப்புக்கே வந்து, ஆளை இறக்கி ஆளை ஏத்திட்டுக் கிளம்பணும். எல்லாமே கம்புல கட்டின சின்ன டார்ச்சுங்கதான். விமானம் வர்ற திசைய மட்டும் பாத்து எரியும். பக்கத்துல நிக்கிறவனுக்கே தெரியாது."

"அழகா சொல்றீங்க," என்றார் டோரா.

"அழகில்லம்மா. உயிர்." மேஜர் தன் கத்தியை எடுத்து உப்புக்கும் மிளகுக்கும் நடுவில் குறுக்கே வைத்தார். "இது வாய்க்கால். புல்லு மூடியிருக்கும், மேலேருந்து தெரியாது. மிளகு இதுக்கு இந்தப் பக்கம் இருந்திருக்கணும். இவங்க தம்பி வாய்க்காலுக்கு அந்தக் கரையில கொண்டுபோய் வச்சிருந்தான்."

ஒடில் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேனான்னா? கோலின் வட்டமே அடிக்கல. நேரா இறங்கினான். மூணு விளக்கும் எதிர்ல, இதோ இப்படி, பெருசாகிட்டே வருது. எனக்கு அப்பவே சுருக்குனு இருந்துச்சு. மிளகு இவ்வளவு தூரத்துல இருக்கேன்னு. சொல்றதுக்குள்ள தரை. அடுத்தது வாய்க்கால்."

மேடக் மெதுவாகத் தலையாட்டினார். அந்தக் கண்களில் விளக்குகள் தெரிந்தன. எத்தனை இரவு அவரே அப்படி இறங்கியிருப்பார். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குச் சரியாகத்தான் பட்டது.

"அப்புறம்?" என்றார் டோரா.

"மோதின உடனே விளக்கெல்லாம் அணைஞ்சிருச்சு. சுட ஆரம்பிச்சாங்க. நான் குதிச்சு, வந்த வழியே பின்பக்கமா ஓடினேன். காட்டுக்குள்ள. அப்புறம் ஸ்பெயின் வரைக்கும் நடை."

"வயல்ல யாரையாவது பாத்தீங்களா? யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"ஒரு பசுமாட்டுகிட்ட மன்னிப்பு கேட்டேன். மிதிச்சிட்டேன்."

அவரே சிரித்தார். மேடக் மரியாதைக்குச் சிரித்தார்.

"மாடுங்கதான் ரகசியம் காக்கும்," என்று சொல்லிக்கொண்டே டோரா கடுகு ஜாடியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "மிஸ்டர் மேடக், அதே மாதிரி விமானம் ஒண்ணு உங்க கொட்டகையில இருக்காமே. புட்டிங் வர்றதுக்குள்ள ஒரு தடவ பாத்துடலாமா?"

"புட்டிங்கையும் பாத்துட்டேன், மேடம்," என்றேன். "அதுக்கு விமானம் எவ்வளவோ மேல்."

லைசாண்டரைப் பற்றி மன்றத்தார் கண்ணீர் மல்கப் பேசுவார்கள். உண்மை என்னவென்றால், அது வேலை போனவன் வேறு வேலையில் ஒட்டிக்கொண்ட கதை. தரைப்படைக்கு வேவு பார்க்கவும், அதிகாரிகளையும் சேதியையும் சுமந்து திரியவும் கட்டினார்கள். போரின் முதல் வருஷம் பகல் வெளிச்சத்தில் பிரான்சுக்கு அனுப்பினார்கள். ஜெர்மன் சண்டை விமானங்கள் வாத்து சுடுவதுபோல் சுட்டன. மிஞ்சியவற்றில் பலவற்றை, பீரங்கிப் பயிற்சிக்காகத் துணி இலக்கை இழுத்துக்கொண்டு பறக்கும் வேலைக்குப் போட்டார்கள். பிறகு எவனுக்கோ தோன்றியது, இந்த மெதுவான ஜந்து ஒரு சின்ன வயலில் இறங்கி அதே வயலிலிருந்து ஏறிவிடுமே என்று. கறுப்புச் சாயம் அடித்தார்கள். வயிற்றில் கூடுதல் பெட்ரோல் கட்டினார்கள். இடப்பக்கம் ஓர் ஏணியை நிரந்தரமாகப் பொருத்தினார்கள். அதன்பின் நிலா காயும் இரவுகளில் அது ஒற்றர்களுக்கு வாடகைக் கார்.

கொட்டகையில் அது வாசலைப் பார்த்து நின்றிருந்தது. உயர்ந்த இறக்கை, தடித்த கால்கள். மழைக்கு ஒதுங்கிய கொக்கு.

"பெக், ஏறு," என்றார் டோரா.

"எனக்கு உயரம் ஆகாது, மேடம்."

"அது தரையில நிக்குது."

"நான் தரையில நிக்கும்போதும் ஆகாது."

ஏறினேன். ஏணியில் நாலைந்து படி, ஒரு கண்ணாடிக் கூரை, உள்ளே ஒரு பலகை. உட்கார்ந்தேன். சுகம் என்று சொல்ல முடியாது. காவல்கூண்டு இதைவிட அகலம்.

டோரா மேடக்கிடமிருந்து ஒரு டார்ச் வாங்கி ஒடிலிடம் கொடுத்தார். "வாசலுக்கு வெளிய, நேர் எதிர்ல போய் நில்லுங்க. விமானத்தப் பாத்துப் பிடிங்க."

ஒடில் புல்லில் நடந்து போகும் சத்தம் கேட்டது. எனக்குக் கேட்டது மட்டும்தான்.

"பெக், விளக்கு தெரியுதா?"

"எந்த விளக்கு, மேடம்?"

"என்ன தெரியுதுன்னு சொல்லு."

"வாலு தெரியுது. வாலுக்குப் பின்னாடி சுவர். சுவர்ல ஒரு காலண்டர், போன வருஷத்துது. அதுல ஒரு பொண்ணு குளிர்ல நடுங்குறா."

"திரும்பிப் பார்."

கழுத்தைத் திருப்பினேன். "ஒரு இரும்புத் தொட்டி. பெட்ரோல் வாசனை. அதுக்கு அந்தப் பக்கம் விமானி சீட்டு இருக்கணும், எனக்குத் தெரியல."

"பக்கவாட்டுல எட்டிப் பார்."

"நெத்தி இடிச்சிருச்சு. சக்கரம் தெரியுது. கீழ மேஜர் சார் தெரியுறார். அவருக்குப் புட்டிங் ஒத்துக்கலைன்னு நெனைக்கிறேன். ஆனா அவர் இன்னும் சாப்பிடவே இல்லையே."

கீழே யாரும் சிரிக்கவில்லை. மேடக் ஏணியைப் பிடித்துக்கொண்டு என் பலகையையே பார்த்தார், முதல்முறை பார்ப்பதுபோல. உண்மையிலேயே முதல்முறைதான்.

"நான் ஒரு தடவகூட பின்னால உக்காந்ததில்ல," என்றார். "நாங்க யாருமே உக்காந்ததில்ல."

"மேஜரோட சாட்சியத்த விசாரிச்சது யாரு?"

"நானும் இன்னும் ரெண்டு பேரும்."

"ரெண்டு பேரும் விமானிங்க."

"விமானிங்கதான்." என்றார் மேடக். "விளக்கு எதிர்ல பெருசாகிட்டே வந்துச்சுன்னு அவன் சொன்னப்ப, எங்களுக்கு அது எதிர்லதான் தெரிஞ்சுது. நாங்க அப்படித்தானே பாத்திருக்கோம். நீ எங்கேருந்து பாத்தேன்னு கேக்கவே தோணல."

நான் ஏணியில் பாதி இறங்கியிருந்தேன். மூளை வேலை செய்யும் அபூர்வமான நேரம், வீணடிக்க மனமில்லை.

"அப்ப கணக்கு முடிஞ்சுது. இவர் அன்னைக்கு அந்த விமானத்துல ஏறவே இல்ல. ஏதோ மதுக்கடையில ஒரு விமானி சொன்ன கதைய எடுத்து விட்டிருக்காரு. ஸ்பெயினாவது, பசுமாடாவது."

"ஏறினான்," என்றார் மேடக். "நானே ஏத்திவிட்டேன். கையில ஒரு குப்பி ரம்மும் குடுத்தேன்."

மேஜரின் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நன்றி, ஐவர். மிஸ் விக்கம், உங்க ஆள் என்கிட்ட மன்னிப்பு கேக்கலாம். மாட்டுக்கே நான் கேட்டேன்."

"கேளு, பெக்," என்றார் டோரா.

"மேடம்?"

"அவர் ஏறலைன்னு சொன்னது தப்பு. ஏறினார். இதே மாதிரி ஒரு பலகையிலதான் உக்காந்து போனார். இப்ப நமக்கு வேண்டியதே அதுதான்."

மன்னிப்பு கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

டோரா மேஜரின் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. அவர் உயர்த்தியதே இல்லை, அதனால்தான் எனக்கு எப்போதும் கொஞ்சம் பயம்.

"இங்க உக்காந்திருந்த ஆளுக்கு வால் தெரியும், விட்டுவந்த இடம் தெரியும். எதிர்ல இருக்கற விளக்கு தெரியாது. மோதின உடனே விளக்கு அணைஞ்சுதுன்னு நீங்களே சொன்னீங்க. பின்பக்கமா ஓடினேன்னும் நீங்களேதான் சொன்னீங்க. அப்ப மிளகுக் குப்பி வாய்க்காலுக்கு அந்தக் கரையில இருந்துதுன்னு எப்படித் தெரியும்?"

"கோலின் சொன்னான். ரெண்டு பேரும் பேசிக்க உள்பேச்சுக் கருவி இருந்துச்சு. 'ரெண்டாவது விளக்கு தப்பா இருக்கு'ன்னு சொன்னான்."

"சாப்பிடும்போது நீங்க பாத்தீங்க. இப்ப அவர் சொன்னாரா?"

"எட்டு வருஷம் ஆச்சும்மா. எவனுக்கு ஞாபகம் இருக்கு."

"தப்பா இருக்குன்னு சொல்லிட்டு அதே விளக்குல இறங்கினாரா?"

இதற்கு மேடக் பதில் சொன்னார். "விளக்குல சந்தேகம் வந்தா மூக்கத் தூக்கிட்டு நேரா வீட்டுக்கு வரணும். அது என் உத்தரவு. கோலின் பயந்தாங்கொள்ளி, ராட்ரிக். நான் வச்சிருந்ததுலயே நல்ல பயந்தாங்கொள்ளி. அவன் மீறமாட்டான். அவனுக்கு விளக்குல ஒண்ணும் தப்பாத் தெரியல, அதனாலதான் இறங்கினான்."

"அப்ப யாரோ சொன்னாங்க," என்றார் மேஜர். "தரையில யாரோ."

"பசுமாடா?" என்றேன்.

டோரா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் அடக்கவில்லை.

"மிளகு எங்க இருந்துதுன்னு தெரிஞ்சவங்க ரொம்பக் குறைச்சல்," என்றார். "விமானி செத்துட்டார். லூசியனும் அவர் ஆளுங்க ரெண்டு பேரும் விடிஞ்சதும் சுடப்பட்டாங்க. மிச்சம், அத அங்க கொண்டுபோய் வச்சவங்க."

வெளியிலிருந்து ஒடில் உள்ளே வந்திருந்தாள். டார்ச்சை அணைக்க மறந்திருந்தாள். அதன் வெளிச்சம் மேஜரின் காலணியில் விழுந்தது.

"அந்த வாய்க்கால்ல என் தம்பி சின்ன வயசுலேருந்து நண்டு பிடிச்சான்," என்றாள். "கண்ண மூடிட்டுத் தாண்டுவான். வயல்ல அது எங்க இருக்குன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்க அன்னைக்கு வெளியூர்லேருந்து வந்த ஜெர்மன்காரங்க மட்டும்தான். சாயங்காலமே அவன வழியில பிடிச்சிட்டாங்கன்னு நான் எத்தன பேர்கிட்ட சொல்லிட்டேன். அக்கா வேற எப்படிச் சொல்லுவான்னு கேட்டாங்க."

"வந்தவங்களுக்கு விமானம் முழுசா வேணும்," என்றார் டோரா. "விளக்கு வைக்கற விதிய யாரையோ அடிச்சு வாங்கியிருக்காங்க. விதிப்படி அளந்து வச்சாங்க. வாய்க்கால மட்டும் அவங்ககிட்ட யாரும் சொல்லல. நேர்த்தியா வேல செய்யறவங்களுக்கு வர்ற சங்கடம். விளக்கு தப்பான இடத்துல இருந்துது, மிஸ்டர் மேடக். மேஜர் அதுல பொய் சொல்லல. அது தப்பா இருந்ததே லூசியன் வைக்கலைங்கறதுக்குச் சாட்சி."

மேடக் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க காட்டுக்கு ஓடல," என்று டோரா மேஜரிடம் சொன்னார். "பிடிச்சாங்க. அந்த வாய்க்கால் அபத்தத்த அவங்களே உங்ககிட்ட சொல்லியிருப்பாங்க, புலம்பிக்கிட்டு. விமானம் நொறுங்கிப்போச்சு. பதிலுக்கு உங்ககிட்ட ஏதாவது வாங்கிட்டுத்தான் உங்கள விட்டிருப்பாங்க. அந்த ஊர்ல உங்களுக்கு உதவ இருந்தவங்களோட விலாசம் உங்ககிட்ட எத்தனை இருந்துது?"

மேஜர் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே ஏதோ ஒரு சிறு விமானம் ஏறிப்போகும் சத்தம். மன்றத்தில் சனிக்கிழமை பயிற்சி.

"அவங்க என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது," என்றார் கடைசியில். "நீங்க ஆபீஸ்ல உக்காந்து கடிதாசு பிரிச்சுக்கிட்டிருந்தீங்க."

"ஆமா. பயந்ததுக்கு உங்கள யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல. நானா இருந்தா இன்னும் சீக்கிரம் பேசியிருப்பேன். விலாசத்துக்குக் கேப்பாங்க. அப்புறம் செத்தவன் தலையில அதக் கட்டினதுக்கு."

"ஆறு பேர்," என்றாள் ஒடில். "அந்த வாரமே எங்க ஊர்ல ஆறு பேரப் பிடிச்சாங்க. லூசியன்தான் காட்டிக்குடுத்துட்டுச் செத்தான்னு சொன்னாங்க. ரொட்டிக்கடைக்காரரோட பொண்ணுதான் என் கதவுல தார் பூசறா. எனக்குத் தெரியும். நான் அவள ஒண்ணும் சொன்னதில்ல. அவ அப்பாவ இழந்தவ."

அவள் மேஜரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. டார்ச்சை அணைத்தாள். பேட்டரி வீணாகிறது என்று நினைத்திருக்கலாம். கடைக்காரி.

மேடக் எழுந்தார். சில நிமிஷங்களில் ஒரு மனிதனுக்கு அவ்வளவு வயதாகும் என்று நான் நினைத்ததில்லை.

"போலீசுக்கு போன் பண்ணணும். கல்தச்சருக்கும்."

"கல்லுல இடம் இருக்கா?" என்று கேட்டேன்.

"அடியில ரெண்டு வரி விட்டிருக்கு. குழுத் தலைவர் பேருக்குன்னு. இன்னும் செதுக்கல."

"எழுத்து பெருசா வரும் போலயே."

"பெருசாவே வரட்டும்," என்றார் மேடக்.

கொட்டகையின் மூலையில் பாராசூட் மடித்து வைக்கும் அறை ஒன்று இருந்தது. ஜன்னல் இல்லை, போலீஸ் வரும்வரை ஒருவரை வைக்க அது போதும். ஒரு மேசை, ஒரு நாற்காலி. நான் முன்னால் போய் நாற்காலியைத் திருப்பி, கதவுக்கு முதுகு காட்டும்படி போட்டேன். பழகிய ஏற்பாடு, பயணிக்கு வசதியாக இருக்கும்.

"ஐவர்," என்றார் மேஜர் வாசலில் நின்று. "நாளைக்குக் கல்லத் திறக்கறவங்க வேணுமே. யாரு திறப்பா?"

மேடக் ஆணியிலிருந்து சாவியை எடுத்து ஒடிலின் கையில் வைத்துவிட்டுத் தொலைபேசி இருக்கும் பக்கம் நடந்தார்.

மேஜர் உள்ளே போனார். நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். ஒடில் கதவைச் சாத்தினாள். சைக்கிள் கடைக்காரியின் கை, பழைய பூட்டின் மனசு தெரிந்த கை. சாவியை ஒரே சுற்றில் திருப்பி, கதவு அசைகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

அசையவில்லை.